பிச்சைமணி சாரின் அமெரிக்கக் கிழவர்

ஒவ்வொரு ஏப்ரலிலும் பிச்சைமணி சாருக்கு வேலை போய்விடும். கோடை விடுமுறைக்குப் பள்ளியை மூடும் அன்று அவரை நிறுத்துவார்கள். ஜூனில் திறக்கும்போது மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பி.ஏ. படித்தவர்தான். ஆனால் ஆசிரியர் பயிற்சி முடிக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் போடி மண்டிகளில் உட்கார்ந்து, ஏலக்காய் வியாபாரிகளுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்லிச் சாப்பிடுவார். "என்ன சார், இந்த வருஷமும் உதுந்துட்டீங்களா?" என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

நான் அந்தப் பள்ளிக்கு வந்தது ஐம்பத்தாறில். தேவாரம் ஊர்ப் பக்கம் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பயிற்சியும் முடித்திருந்ததால் என் வேலைக்கு ஆபத்து இல்லை. என்னைவிட மூத்தவர், என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரிந்தவர், வருஷா வருஷம் உதிர்கிறார். நான் உதிரவில்லை. படிப்பு என்றால் இதுதானா என்று அப்போது எனக்கு அடிக்கடி தோன்றும்.

பள்ளியின் தாளாளர் திருப்பதி முதலாளி. ஊரின் பெரிய மண்டிகளில் ஒன்று அவருடையது. அந்த வருஷம் அவர் பிச்சைமணியைக் கூப்பிட்டு, ஆண்டு விழாவில் தன் மகன் சுருளிவேல் நடிக்கும்படி ஒரு இங்கிலீஷ் நாடகம் போடச் சொன்னார். நன்றாக வந்தால் மேலே பேசிப் பயிற்சிக்கு விலக்கு வாங்கி வேலையை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்தார். பிச்சைமணி வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்க நாடகம் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு கம்பெனிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த கிழவரை இளம் முதலாளி வெளியே அனுப்புகிறார். கிழவர் வீடு திரும்பிச் செத்துப்போகிறார். அவ்வளவுதான் கதை. அதைத்தான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பாடமாகவும் நடத்தினார். வகுப்பில் பாதிப்பேர் மண்டிக்காரர் பிள்ளைகள். கிழவர் கெஞ்சும் இடத்தைப் படிக்கும்போது பிச்சைமணிக்குக் குரல் தழுதழுத்தது. பையன்கள் சிரித்தார்கள்.

"சார், இந்த மொதலாளி எதுக்கு இம்புட்டுப் பேசுறாரு?" என்று சுருளிவேல் எழுந்து கேட்டான். "ஆளு வேணாம்னா வேணாம். இதுல என்ன பேச்சு?"

அவன் கேட்டது நியாயம்தான். அவன் அப்பாவின் மண்டியில் ஆளை நிறுத்துவதற்குப் பேச்சே கிடையாது. சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் பூசை முடிந்ததும் வேலையாட்கள் வரிசையாக நிற்பார்கள். முதலாளி தாம்பாளத்தோடு வந்து ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்குக் கொடுப்பார். ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால், தாண்டப்பட்டவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்க மாட்டார். முதலாளியும் சொல்ல மாட்டார்.

மறுநாள் பிச்சைமணி அந்தக் காட்சியின் வசனத்தை முழுக்க அடித்துவிட்டார். முதலாளி தாம்பாளத்தோடு வருகிறார், கிழவரைத் தாண்டிப் போகிறார். வகுப்பிலேயே சுருளிவேலைத் தாம்பாளம் பிடிக்கவைத்து நடத்திக் காட்டினார். ஒருவனும் சிரிக்கவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்து, "புரிஞ்சிருச்சு, சார். பயகளுக்குப் புரிஞ்சிருச்சு" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கிழவராக நடிக்க வந்த வேலுச்சாமிதான் தொல்லை. கட்டைபோல நின்றான். கடைசியில் பிச்சைமணி தன் பக்கத்து வீட்டு வீரையாவை ஒத்திகைக்கு அழைத்து வந்தார். வீரையா திருப்பதி மண்டியின் எடைகாரர். சுருளிவேல் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே தராசு பிடிக்கிறவர். தலை நரைத்திருந்தது. ஆனால் மலையிலிருந்து வந்திறங்கும் மூட்டையை இன்னமும் ஒற்றை ஆளாகப் புரட்டுவார். இளவயதில் திருவிழா நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டியவராம்.

"எப்படிக் கெழவன் வேணும் சார்?" என்று கேட்டார். "இருமுற கெழவனா, நடுங்குற கெழவனா?"

பையன்கள் இரண்டும் வேண்டும் என்றார்கள். வீரையா முதுகை வளைத்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார், கை உதற ஒரு கற்பனைத் தராசைப் பிடித்தார், படி தவறி மூட்டை மேல் விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பயமாக இருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "வெரசா ஒரு சோடா கொண்டாங்கப்பு, கெழவனுக்குத் தொண்டை காஞ்சிருச்சு" என்றார். வேலுச்சாமிக்கு அந்த நடையை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். தன் காக்கிக் கோட்டையும் இரவல் தந்தார்.

விழா பங்குனியில் நடந்தது. வேலுச்சாமி மேடைக்கு வந்ததும், "ஏ, நம்ம வீரையாடா!" என்று கூட்டத்தில் குரல் கிளம்பியது. அந்தக் காக்கிக் கோட்டு எல்லாருக்கும் தெரியும். அவன் காலை இழுக்க இழுக்கச் சிரிப்பு. மண்டி ஆட்களோடு தரையில் உட்கார்ந்திருந்த வீரையாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தாம்பாளம் தாண்டியபோது மட்டும் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் திருப்பதி எழுந்து, மகனைப் பார்த்துக் கைதட்டினார். கிழவர் சாகும் காட்சிக்கு முன்பே பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததைப் பிச்சைமணியே என்னிடம் சொன்னார், ஒரு மாலை, பள்ளி மைதானத்தில் நடந்துகொண்டே. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுவாரம் திருப்பதி அவரை மண்டிக்கு வரச்சொன்னார். நிரந்தர உத்தரவு மேஜைமேல் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. நாடகத்தை மெச்சினார். மகன் தாம்பாளம் பிடித்த அழகைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கதையில் இளம் முதலாளி செய்தது தவறு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததாகவே நினைத்து நன்றி சொன்னார். பிறகு பேனாவைத் திறந்தபடி சொன்னார்:

"வீரையாவ தெனமும் பாக்குறேன், தெனமும் பாக்குறதுனாலயே ஒண்ணும் தெரியல. அன்னைக்கு அந்தப் பய நடந்து காட்டுனப்பத்தான் உறைச்சிச்சு. ஆளு இம்புட்டுத் தளந்துட்டாரே. தராசுல கை நடுங்குனா என் சரக்கு என்னத்துக்கு ஆகும்? நீங்க பக்கத்து வீடு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நெசந்தானே வாத்தியாரே?"

அது வேஷம், வீரையாவே கற்பனையில் செய்தது என்று ஒரு வாக்கியம் போதும். பிச்சைமணிக்கு அந்த வாக்கியம் தெரியும். ஆங்கிலத்திலும் தமிழிலும் தெரியும்.

"வயசாயிருச்சுங்க" என்றார்.

திருப்பதி கையெழுத்துப் போட்டார்.

சித்திரை முதல் நாள் தாம்பாளத்தைச் சுருளிவேலே பிடித்தான். பயின்ற பையன், கை நடுங்கவில்லை. வீரையாவைத் தாண்டிப் போனான். வீரையா முதலில் அதையும் விளையாட்டு என்றே நினைத்துச் சிரித்தாராம். பக்கத்தில் நின்றவர் துண்டை எடுத்துக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

அந்த ஏப்ரலில் பிச்சைமணிக்கு வேலை போகவில்லை. சம்பளம் தடையில்லாமல் வந்தது. வீரையா தினமும் மாலையில் அவர் வாசலுக்கு வந்து நிற்பார். கோபமாக அல்ல. மண்டி அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. "ஒங்களுக்கு வேல நெலச்சிருச்சு சார், ரொம்பச் சந்தோசம். மொதலாளிகிட்ட ஒங்க வாய்க்கு மதிப்பிருக்கு. என்ன கொறை கண்டாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்பார். பிச்சைமணி கேட்பதாகச் சொல்வார். வீரையாவின் மனைவி ஜக்கம்மாள் அதற்குள் களத்தில் ஏலக்காய் பொறுக்கும் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

ஜூனில் அதே நாடகத்தைப் புது வகுப்புக்கு நடத்தினார். பக்கத்து அறையில் என் வகுப்பு; சுவர் வழியே கேட்கும். இப்போது குரல் தழுதழுக்கவில்லை. அருஞ்சொற்பொருள் சொல்லி எழுதவைத்தார். அவரை வெறுக்க முயன்றேன். அந்த மேஜைக்கு முன்னால் என்னை நிறுத்திப் பார்த்தேன். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எவ்வளவு யோசித்தும் உறுதியாகவில்லை. சோகக் கதை படித்தவன் இரங்குவான் என்று கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க்கு வாங்கியவன் நான்.

ஆவணியில் பிச்சைமணி வேறு வீடு பார்த்தார். ஊரின் மறுகோடியில், ரயிலடிப் பக்கம். அந்த வீட்டில் காற்று நன்றாக வருமென்று காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுவண்டி வந்தது. நானும் உதவிக்குப் போயிருந்தேன். கூப்பிடாமலே வீரையா வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஆட்டுக்கல்லை வண்டிக்காரரும் நானும் சேர்ந்து அசைத்தோம், நகரவில்லை. வீரையா எங்களை விலகச் சொன்னார். குனிந்து, கல்லைத் தொடைக்குக் கொண்டுவந்து, ஒரே மூச்சில் நெஞ்சுக்கு ஏற்றி, படி இறங்கி நடந்து வண்டியில் வைத்தார். கால் பிசகவில்லை. கல் வண்டியில் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தார்.

வாசலில் நின்ற பிச்சைமணியின் பக்கம் திரும்பி, "இன்னும் என்ன சார் இருக்கு?" என்று கேட்டார்.

உள்ளே அலமாரியும் இரண்டு பெட்டிகளும் இருந்தன. "அவ்வளவுதாண்ணே, நீங்க போங்க" என்றார் பிச்சைமணி.