இளம்பிள்ளை வண்டி

என் பெண் முதன்முதலில் நடந்த தேதி என்னிடம் இருக்கிறது. புரட்டாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, காலை அலுவலகத்துக்குப் புறப்படுமுன், அடுப்படி நிலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஏழு அடி. எட்டாவது அடிக்குக் கால் எடுத்தவள் உட்கார்ந்துவிட்டாள். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இதை எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் நடந்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

நான் செவ்வாய்ப்பேட்டைத் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் நான் செய்யும் முதல் வேலை முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது. நேற்றைய எண்ணைப் பிடுங்கி எடுத்து இன்றைய எண்ணைச் செருகுவதை ஆண்டுக்கணக்காகச் செய்தவனுக்குத் தேதி ஒரு பிடிமானமாகிவிடுகிறது. நாட்குறிப்பும் அப்படித்தான் தொடங்கியது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தச் செய்திகளையும் வீட்டுச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதிவந்தேன்.

ஐப்பசியின் இரண்டாம் வியாழனன்று குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஞாயிறு வரை அடித்தது. திங்கட்கிழமை உடம்புச் சூடு தணிந்தது. ஆனால் வலது கால் அசையவில்லை. தூக்கி நிறுத்தினால் துணி போல மடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். நோயின் பெயரை முதலில் இங்கிலீஷில் சொன்னார். பிறகு, "தமிழ்ல இளம்பிள்ளை வாதம்னு சொல்றாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த தவறு, கேட்ட சொல்லைக் கேட்டபடியே சொன்னது.

என் அக்கா எங்களோடு இருந்தாள். கணவர் இறந்தபின் வந்தவள். அம்மா இல்லாத என்னை வளர்த்தவளும் அவள்தான்.

"டாக்டரு என்ன சொன்னாரு தம்பி?"

"இளம்பிள்ளை வாதமாம்."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எளம்புள்ளையா? அதான பாத்தேன். ஆயுத பூசைக்கு இவ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டு வந்தா. வந்து பதினஞ்சு நாளு ஆகல, புள்ள கால இழுத்துக்கிச்சு."

என் மனைவி இளம்பிள்ளையில் பிறந்தவள். அவள் அப்பாவும் அண்ணனும் அந்த ஊரில் தறி போட்டவர்கள்.

"அது ஊர்ப் பேர் இல்லக்கா. இளம் பிள்ளைகளுக்கு, சின்னக் குழந்தைகளுக்கு வர்றதால அப்படிப் பேரு."

"அப்ப அந்த ஊருக்கு எதனால அந்தப் பேரு வந்துச்சு? சொல்லு. இம்புட்டுப் பொஸ்தகம் படிக்கிற."

சேலம் ஜில்லாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். எதிலும் அந்த ஊர்ப் பெயரின் காரணம் எழுதியிருக்கவில்லை. எரிச்சலில், "நாளைக்கு ஆத்தூர்ல அம்மை போட்டா ஆத்தூர் அம்மைம்பியா?" என்றேன்.

"போட்டா அப்படித்தான சொல்லுவாங்க" என்றாள் அக்கா.

மனைவி அடுப்படியில் இருந்தாள். எல்லாம் காதில் விழும் தூரம். மறுநாள் காலையில் தூளியைப் பார்த்தேன். தாய்வீட்டுப் பழஞ்சேலையில் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டு, என் வேட்டி ஒன்றில் கட்டியிருந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையை இடுப்பில் வைத்தே தூக்கிவருவதை டாக்டர் பார்த்தார். "இப்படித் தூக்கினா கால் மடங்கித் தொங்குது. முழங்கால் அப்படியே கோணிப்போய் இறுகிடும். அப்புறம் நீட்டவே முடியாது. முதுகு சாய்ஞ்சு, கால் நீட்டி உட்கார்ற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க. வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தள்ளிக்கிட்டுப் போவாங்களே, அது மாதிரி. சீக்கிரம் வாங்குங்க" என்றார்.

"சீக்கிரம்" என்ற சொல்லையும் அன்று எழுதியிருக்கிறேன்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போகிற வழக்கம் எங்கள் பேட்டையில் யாருக்கும் இல்லை. தள்ளுவண்டி என்றால் கடலை விற்கிற வண்டி. குழந்தைக்கு வண்டி என்றால் அது பிடித்துக்கொண்டு நடக்கிற மூன்று சக்கர நடைவண்டி. ஆகவே நான் புத்தகத்தில் தேடினேன். ஏற்காட்டுத் துரை ஒருவர் பெயருக்கு வந்து, அவர் ஊருக்குப் போய்விட்டதால் கேட்பாரற்றுக் கிடந்த விலைப்பட்டியல் ஒன்று ஆபீஸில் இருந்தது. மதராஸ் கடையொன்றின் பட்டியல். அதில் குழந்தை வண்டிகளுக்கென்றே இரண்டு பக்கம், படத்தோடு. படுக்க வைக்கும் வகை, உட்கார வைக்கும் வகை, இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வகை.

இரண்டு வாரம் அந்தப் பக்கங்களோடு இருந்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, சக்கரத்தின் உயரம், குடை, ஸ்பிரிங், கால் பலகை என்று எழுதி ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன். சிறிய சக்கரம் எங்கள் சந்தின் சாக்கடைக் கல்லில் மாட்டும். பெரிய சக்கரம் என்றால், மூட்டை இறக்கும் மாட்டுவண்டி எதிரே நிற்கும்போது ஒதுங்க இடம் போதாது. சந்தின் அகலத்தை அடியால் அளந்து வந்தேன். மூன்றாம் வகையே தக்கது என்று முடிவுசெய்து மதராஸுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் மனைவி என்னிடம் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தாள். மேலே அவள் அண்ணன் பெயர். உள்ளே கனமாக எதுவும் இல்லை; மெத்தென்று ஏதோ இருந்தது. மறுநாள் அதில் முத்திரை குத்தியவன் நானே. உள்ளே என்னவென்று நான் கேட்கவில்லை.

கார்த்திகைத் தீபத்துக்கு நான்காம் நாள், மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. என் மைத்துனர் நின்றார், முழங்கால் வரை செம்மண் புழுதியோடு. முன்னால் ஒரு வண்டி. பழைய தறிக் கட்டையை இழைத்துச் செய்த சட்டம், கட்டில் நாடா பின்னிய இருக்கை, முதுகுக்குச் சாய்வு, கால் நீட்ட ஒரு பலகை, அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. மரச் சக்கரங்களில் சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருந்தார். இருக்கையில் ஒரு சின்னப் பை கட்டியிருந்தது.

"பையில மணலுங்க மாப்ள. புள்ள எடைக்கு வெச்சிருக்குது. சிவதாபுரம் வழியா ஊட்டுல இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். ஒரு எடத்துலகூடச் சாயலீங்க."

பிறகு மடியிலிருந்து இரண்டு நூல்களை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்று குழந்தையின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை, மற்றது முழங்காலிலிருந்து குதிகால் வரை. இரண்டு முனையிலும் முடிச்சு. "தங்கச்சி அனுப்புன அளவு. நூல் கணக்குல மாறாதுங்க" என்று சிரித்தார். கவருக்குள் இருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். "ஏனுங்க, எளம்புள்ளையில வந்த சீக்குக்கு எளம்புள்ளையில இருந்தே வண்டியுங்களா? அந்த ஊரு கட்டை, அந்த ஊரு நூலு. இருக்கிற இன்னொரு காலும் போகோணுமா?"

மைத்துனருக்கு எதுவும் விளங்கவில்லை. "எங்க ஊருல யாருக்கும் இப்படி இல்லீங்களே" என்றார்.

மனைவி கதவுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அக்கா சொன்னதை அவள் பாதி நம்பியிருந்தாள். அது பொய் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் மீதிப் பாதி ஜெயித்திருக்கும். பெயர் வேறு, நோய் வேறு என்று அந்த வாசலில் இருந்தவர்களில் தெளிவாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். என் கட்டம் போட்ட தாள் நினைவுக்கு வந்தது.

"ஸ்பிரிங் இல்லையே மச்சான்" என்றேன். "குலுங்குமே. மதராஸுக்கு எழுதியிருக்கேன். நல்லதா ஒண்ணு வரும்."

மைத்துனர் வண்டியைப் பார்த்தார். "ஸ்பிரிங்குங்களா" என்றார்.

"எடுத்துக்கிட்டுப் போயிருண்ணா" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

அவர் தண்ணீரை நின்றபடியே குடித்தார். சாப்பிடச் சொன்னதற்கு, வெயில் இறங்குமுன் போகவேண்டும் என்றார். மணல் பையை அவிழ்க்கவில்லை. அதோடேயே வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். நூல்கள் இரண்டும் என் கையில் இருந்தன.

மதராஸிலிருந்து பதில் மார்கழியில் வந்தது. சீமைச் சரக்கு யுத்தத்தால் வருவதில்லை, நிலைமை சீரானதும் தெரிவிக்கிறோம் என்று இரண்டு வரி. தையில், ஏற்காட்டில் ஒரு தோட்டத்து பங்களாவில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், அதில் குழந்தை வண்டியும் உண்டு என்று தபால்காரர் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கறுப்புக் குடையும் உயரமான சக்கரங்களும் கொண்ட அழகான வண்டி. ஸ்பிரிங் இருந்தது, விரலால் அழுத்தினால் தொட்டில் போல ஆடியது. ஆனால் அது கைக்குழந்தைகளைப் படுக்க வைப்பது. கையோடு கொண்டுபோன நூலைப் பிடித்துப் பார்த்தேன். கால் நீட்ட அரை முழம் குறைந்தது.

"உங்க குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார் அங்கிருந்த பட்லர்.

சொன்னேன்.

"அந்த வயசுல நடந்துடுமே சார். இது எதுக்கு?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நூலைச் சுருட்டிக்கொண்டு மலை இறங்கிவந்தேன்.

இதற்கிடையில் குழந்தை இடுப்பிலேயே இருந்தாள். கீழே விட்டால் அழுதாள். மனைவி சமைக்கும்போது அக்காவின் இடுப்பு, அக்கா கோயிலுக்குப் போனால் மனைவியின் இடுப்பு. அக்காவைக் கல் நெஞ்சுக்காரி என்று யாரும் எண்ணவேண்டாம். தினமும் காலையில் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவள் அவள்தான். "என் சாமி, ஒருக்கா ஒதைச்சுப் போடு பாக்கலாம், இந்தக் கிழவி மூஞ்சியிலயே ஒதை" என்று தினமும் கெஞ்சுவாள். மாசியில் டாக்டர் கேட்டார், "வண்டி வாங்கியாச்சா?"

"தேர்ந்தெடுத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். "தம்பி, முட்டி நீள மாட்டேங்குது பாரு. இறுகுது." முட்டியைப் பிடித்தபடியே சொன்னாள்: "அந்த வண்டியப் போய் எடுத்துக்கிட்டு வா. எந்த ஊருல இருந்து வந்தா என்ன."

அவ்வளவுதான். நான்கு மாதமாக இந்த வீட்டில் மலை போல நின்ற எதிர்ப்பு, ஒரு மூச்சில் போய்விட்டது. கார்த்திகையில் நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அது போயிருக்கும். நான் சும்மா இருந்தது அக்காவை எதிர்க்க முடியாமல் அல்ல. படத்தில் பார்த்த வண்டி எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு அவளுடைய பேச்சு வசதியாக இருந்தது. இதை நாட்குறிப்பில் அப்போது எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இளம்பிள்ளைக்குப் போனேன். தறிக்குழிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அதன்மேல் நூல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மைத்துனர் தறியிலிருந்து எழுந்துவந்து, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"ஸ்பிரிங் போடலாம்னு சேலம் கடைவீதி பூராப் பாத்தேனுங்க மாப்ள" என்றார். "எங்கயும் கெடைக்கல."

 அவர் மாட்டுவண்டி கட்டி அனுப்புகிறேன் என்றதையும் கேளாமல், அந்தப் பத்துப் பன்னிரண்டு மைலையும் நானே தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது உண்மை. ஓரிடத்திலும் சாயவில்லை. சாக்கடைக் கல்லில்கூட மாட்டவில்லை.

மனைவி குழந்தையை வண்டியில் உட்காரவைத்தாள். இருக்கை சரியாக இருந்தது. முதுகு சரியாகச் சாய்ந்தது. இடது கால் பலகைமேல் நீண்டு படுத்தது. வலது முழங்கால் மட்டும் கூடாரம் போல மேலே நின்றது. மனைவி உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். குழந்தை வீரிட்டாள். இன்னொரு தடவை அழுத்தப் போனவள் கையை எடுத்துவிட்டாள். அக்கா ஓடிப்போய்ப் பழந்துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து, அந்த முழங்காலுக்கடியில் செருகப் பார்த்தாள். பலகைக்கும் காலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

நான் நூல்களைத் தேடி எடுத்துவந்தேன். பலகையின் நீளத்துக்குப் பிடித்தேன். முடிச்சுக்கு முடிச்சு பொருந்தியது.

"வண்டி அளவு சரியாத்தானுங்க இருக்குது" என்றாள் மனைவி. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இருட்டும்வரை வண்டி வாசலிலேயே நின்றது. உள்ளே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை தாயின் இடுப்பிலிருந்தபடியே அதை நோக்கிக் கையை நீட்டி, "வண்டி" என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.