மேலே போட்ட ஒரு கை

விழுப்புரத்துப் பக்கம் பிறந்த என்னைத் திண்டிவனத்தை அடுத்த கிளியனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். வருஷம் ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. எங்களுக்கு இருந்தது துண்டு நிலம். அதனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நாளில் பெரிய வீட்டுக்காரரின் புன்செய்க் கொல்லைக்கு நானும் செடியிலிருந்து காய் ஆயப் போவேன். பொழுது சாய, நிலத்துக்காரரே மரக்காலால் அளந்து கூலிக் காயை அவரவர் மடியில் போடுவார். யாராவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்கு என்று அளவுக்கு மேலே ஒரு கை காய் போடுவது அங்கே வழக்கம்.

ஒரு நாள் என் மடியிலும் அந்த ஒரு கை விழுந்தது. எனக்கே அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. நிச்சயமாகட்டும், அப்புறம் வீட்டில் சொல்லலாம் என்று வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாடி, உம் மடின்னா மட்டும் அவரு கை தாராளமா வருது?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"கண்ணு வுழுந்தா கையும் கூடவே வுழும்டி" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நான் தலை குனிந்ததையும் சேர்த்துத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

பேச்சு என் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. அவர் கேட்டபோது, உண்டாகியிருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"எனக்கே இப்பதான் தெரியுது. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அன்னைக்குக் காலையில பனமரத்தாண்ட வாந்தி எடுத்தேங்க. அவங்க வீட்டம்மா பார்த்துட்டாங்க. அவங்க சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பாங்களா, சொன்னாங்களா?"

எனக்குத் தெரியாது. அந்த அம்மாவைப் போய்க் கேட்டால் ஊர் சிரிக்கும் என்று அவர் போகவில்லை. எனக்கும் தைரியம் இல்லை. இனி அந்தக் கொல்லைக்குப் போகாதே என்றார். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பெண் பிறந்தது. கழனியிலிருந்து வந்ததும் ஏணைத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கைக் கிட்டே கொண்டு வா என்பார். மூக்கைப் பார்ப்பார், காது மடலைப் பார்ப்பார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"பொட்டப் புள்ள மேல இவ்ளோ உசுரா வெச்சிக்கினு இருக்கிற ஆம்பளைய நான் பார்த்ததில்ல. குடுத்து வெச்சவடி நீ" என்பாள் எதிர் வீட்டு அக்கா.

"ஆமாக்கா" என்பேன்.