கப்பல் கோதுமையும் கன்னடச் சாக்கும்

இலவசமாகக் கொடுக்கிற வேலையைப் போல ஏச்சு வாங்கித் தருகிற வேலை வேறு கிடையாது. காசு கொடுத்து வாங்குகிறவன் கடைக்காரனை மட்டும் திட்டுவான். சும்மா வாங்குகிறவன் அளந்து போடுகிறவனையும், அனுப்பினவனையும், ஏற்றி வந்த கப்பலையும் சேர்த்துத் திட்டுவான். மழை பொய்த்த அந்த அறுபதுகளில் க்யூவில் கால் கடுக்க நின்றவர்களே, உங்களோடு நானும் நின்றேன். படியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நின்றேன், அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டுப் பிரசுரத்தில் படித்தது அதிகம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக மில்லிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேண்டியவர்கள் அவர்கள். வயிறு மட்டும் என் கட்சியில் சேரவில்லை. கன்னட ஊரில் எங்கள் தமிழ்க் கூலிக்காரர்கள் நெருங்கி வாழ்ந்த ஜீவனஹள்ளியில் அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் கொடுக்கும் கொட்டகை ஒன்று திறந்தார்கள். அங்கே அளந்து போடும் வேலைக்குப் போனேன்.

மானம் ஒரு படி

அதற்கு முந்தின மாதம்தான் காக்ஸ் டவுன் மார்க்கெட் முனையில் பெட்டி மேல் ஏறி நின்று, "பிச்சைக் கோதுமை தின்றால் மானம் போகும்" என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தேன். முதல் நாள் க்யூவில் முதல் ஆளாக நின்றவர் பெயிண்டர் கோவிந்தன். அன்றைய கூட்டத்தில் கடைசிவரை இருந்து கைதட்டிய ஒரே மனிதர். என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைப் பிரித்தேன். அவர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ரெண்டு படி மானம் போடுங்கண்ணா."

மாற்றக் கூடாது

கோதுமை வெள்ளைத் துணிச் சாக்கில் வரும். சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். இரண்டு கையும் ஒரே அளவு கொழுத்திருக்கும். அதில் நம்முடைய கை எது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. காலிச் சாக்குக்குக் கோதுமையைவிடப் போட்டி அதிகம். துவைத்தால் நல்ல துணி.

நாலு பிள்ளைக்காரி முனியம்மா வாரம் தவறாமல் வருவாள். அவள் புருஷன் கைவண்டி இழுப்பவர். ஒரு சாக்கை அவருக்கு டிராயராகத் தைத்துவிட்டாள். கை குலுக்கும் படம் சரியாக உட்காருகிற இடத்தில் விழுந்தது. அதன் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது, இன்னா அது என்று கேட்டாள். "விற்கவோ மாற்றவோ கூடாது" என்று படித்துச் சொன்னேன். அவள், கூட வந்து நின்ற புருஷனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கண்ணா மாத்தறது, பதினஞ்சு வருசமா இதே ஆளுதான்."

தின்னக் கூலி

ஒரு நாள் வண்டி வரத் தாமதமானது. கூட்டம் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்காது. வெளிநாட்டு உதவி எப்படி நடக்கிறது என்று விளக்கினேன். அங்கே விளைச்சல் அதிகம். எல்லாவற்றையும் அவர்கள் சந்தையிலேயே விற்றால் விலை விழும். விலை விழுந்தால் அவர்கள் விவசாயி ஓட்டுப் போட மாட்டான். ஆகையால் அவர்கள் சர்க்காரே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறது. அவர்கள் விலை நிற்க வேண்டுமென்றால் இங்கே நமக்குப் பசிக்க வேண்டும். இந்த இடத்தில் மேடையில் எப்போதும் கைதட்டல் வரும். கோவிந்தனைப் பார்த்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாமதான் அவங்களுக்குத் தின்னு குடுக்கறோம். கூலி எதுனா உண்டாண்ணா?"

சாக்கா?

பிறகு பரிசோதனைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். உயரமான, நல்ல மனிதர். காகிதத்தை மட்டும் நம்புகிறவர். கூட அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு கன்னட ஆபீசர். வெள்ளைக்காரரின் காகிதத்தில் ஒரே கேள்வி: கொடுப்பது போதுமா? ஆபீசர் அதைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே போனார்: "சாக்கா?" கன்னடத்தில் சாக்கு என்றால் போதும்.

வீடு தேடி வந்த விருந்தாளி கேட்கிறார். க்யூ முழுக்க, "சாக்கு சாமி, சாக்கு" என்று கும்பிட்டது. ஒரு மாதம் முன்புதான் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பச்சையம்மாவுக்கு மட்டும் கன்னடம் தெரியாது. "சாக்கா? கிழியாததா ஒண்ணு குடுங்க சாமி, பாவாடைக்கு ஆவும்" என்றாள். ஆபீசருக்கு முதல் சொல் போதுமானதாக இருந்தது. வெள்ளைக்காரர் எல்லாருக்கும் டிக் அடித்தார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. போதுமென்று மக்களே சொல்வதால் அளவு பாதி. அடுத்த சோதனையிலும் போதுமென்றால் கொட்டகையை மூடிவிடுவோம். பால் பவுடர் அன்றைக்கே பாதியாயிற்று. முனியம்மாவின் கடைசிக் குழந்தைக்கு அதைத் தவிர வேறு பால் இல்லை. அவள்மீதுதான் கத்தினேன், ஏன் போதுமென்றாய் என்று.

"வந்தவங்க கேட்டா போதாதுன்னா சொல்லுவாங்க? கேக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஒத்திகை

வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேரைக் கோஷம் போட வைத்தவன் நான். நாற்பது பெண்களை ஒரு சொல் சொல்ல வைக்க முடியாதா? கொட்டகை வாசலில் நிறுத்தி ஒத்திகை நடத்தினேன். கன்னடத்தில் வேண்டும் என்பதற்கு 'பேக்கு'. முஷ்டியை உயர்த்தி, "பேக்கு!" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை சொன்னேன். சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பச்சையம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ரகசியமாகப் புத்தி சொன்னாள்.

"அத்தினி தூரத்துலேந்து வந்த மனுசனை மூஞ்சிக்கு நேரா பேக்குன்னா, இருக்கற கோதுமையும் பூடும்ணா."

இரண்டாம் சாக்கு

வெள்ளைக்காரர் மறுபடி வந்த அன்று நான் சட்டைப்பையில் இங்கிலீஷ் பிரசங்கம் ஒன்று வைத்திருந்தேன். நாலு பக்கம். ஏகாதிபத்தியம் என்ற சொல் முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் வரும். பிரிப்பதற்குள் முனியம்மா அவரை உட்கார வைத்து, இலை போட்டு, அவர் நாட்டுக் கோதுமையில் கிண்டிய உப்புமாவை வைத்துவிட்டாள். பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு ஒரு பிடி போட்டது.

அவர் சாப்பிட்டார். முனியம்மா இன்னொரு கரண்டி வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே, தான் கற்ற ஒரே சொல்லைச் சொன்னார்: "சாக்கு." அவள் வைத்தாள். இலைமேல் கையை வைத்து, "சாக்கு, சாக்கு" என்றார். விரல் இடுக்கு வழியாக வைத்தாள். அவருக்கு வியர்த்தது, கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். போதும் என்று சொன்ன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று ஆபீசரைக் கேட்கச் சொன்னார். நான் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முனியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கரண்டியை ஏந்தியபடி அவருக்கே பதில் சொன்னாள்.

"போதும்னா யாரு நிறுத்துவாங்க சாமி? போன தடவ நாங்க சொன்னோம், நீங்க நிறுத்திட்டீங்க."

ஆபீசர் அதை மொழிபெயர்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. வெள்ளைக்காரர் இலையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். அடுத்த மாதம் பழைய அளவு வந்தது, பால் பவுடரும் வந்தது. என் பிரசங்கத்தின் நாலு பக்கத்தையும் கோவிந்தன் பெயிண்ட் பிரஷ் துடைக்க வாங்கிக்கொண்டு போனார்.

கப்பல் ஏறி வந்த உதவியைப் பற்றி நான் கண்டது இவ்வளவுதான்: கொடுக்கும்போது துணிச் சாக்கு வரும், குறைக்கும்போது ஏதாவது ஒரு சாக்கு வரும், கன்னடச் சாக்கு மட்டும் ஒரு நாளும் வராது.