சிரிக்காத ஃபாரின் புறா

அந்தப் புறாவை நினைத்தால் எனக்கு இன்றும் குழப்பம்தான்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். பால் தூக்கலான காபி நிறத்தில், பின்கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒரு புறாவைக் கூண்டில் வளர்த்தார். விற்றவன் 'ஃபாரின் புறா' என்றானாம். அக்கா தலை தெரிந்தாலே அது கெக்கெக்கென்று சிரிக்கும். என் மாமியார்கூட என்னை அப்படி வரவேற்றதில்லை.

வெள்ளையடிக்க ஆட்கள் வந்த அன்று கூண்டுக் கதவு திறந்துகொண்டு, புறா பறந்துவிட்டது. "அடையாளம் வச்சிருக்கேன்லா" என்றார் அக்கா. குழாயடியில் குடம் மாறாமலிருக்க, எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கொரு நிறத்தில் பெயிண்ட் பூசிவைப்போம். அவர்கள் வீட்டுக்குச் சிவப்பு. அதே முறையில் புறாவின் காலிலும் சிவப்பு நகப்பாலிஷ் தடவியிருந்தார். புறாவுக்குக் கால் பிறவியிலேயே சிவப்பு என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து, எங்கள் ஜன்னலுக்குக் கீழே இருந்த சன்ஷேடில் அதே நிறத்தில் ஒரு புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குள் அக்காவின் வீட்டுக்காரருக்கு வடக்கே மாற்றல் வந்து, சாமான்களைக் கட்டியாகிவிட்டது. புறா இல்லாமல் கிளம்ப அக்காவுக்கு மனசே இல்லை. அது எழுந்து முட்டையைப் புரட்டும்போதெல்லாம் இருவரும் எட்டிப் பார்த்தோம். கால் சிவப்பு. பாலிஷா, தோலா? பறவைப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் புரட்டினேன். அதிலிருந்த நம்மூர்க் காட்டுப்புறாவான கள்ளிப்புறாவின் படம் இதற்கும் பொருந்தியது, பறந்துபோனதற்கும் பொருந்தியது. எரிச்சலில் மூடிவைத்தேன்.

திருமுல்லைவாயிலிலிருந்து வரும் பால்காரர் கீழே நின்றபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார். "இன்னாம்மா, ஏரிக்கரையாண்ட இதே மாரி எவ்ளோ கீது! கள்ளிப்புறாம்மா இது."

அக்கா கூப்பிட்டார், கொஞ்சினார், கம்பு தூவினார். அது கண்ணை உருட்டியதோடு சரி.

"எம்புறான்னா என்னயப் பாத்ததும் சிரிச்சிருக்கும்லா. இது உம்முன்னுல்லா இருக்கு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலிக் கூண்டோடு ரயிலேறினார்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு ஒரு காலையில், அந்தப் புறா எதிர்வீட்டு வராந்தாவுக்கு வந்தது. கூண்டு தொங்கிய கொக்கியில் உட்கார்ந்து, பூட்டிய கதவைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. அடைகாக்கும்போது கூட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்ததோ என்னவோ. சொல்லலாமென்றால் அக்காவின் புது விலாசம் யாரிடமும் இல்லை.

அதன்பின் வெளிர்நிறப் புறாக்கள் ஒவ்வொரு பக்கமாகத் தென்பட்டன. தொண்ணூறுகளில் பட்டாபிராம் ஸ்டேஷன் வரை வந்துவிட்டன. சில சிரித்தன, சில கள்ளிப்புறா போலக் கூவின, சில கூவ ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தன. எது எதன் பிள்ளை என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பிளாட்பாரத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "இது இன்னா புறாம்மா, புச்சா கீது?"

"எதிர்வீட்டு அக்காவோடது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வந்த ரயிலில் ஏறிக்கொண்டார்.