இடப்பக்கம் வந்தவர்

காரைக்குடி கண் ஆஸ்பத்திரியில், வெள்ளைக் கிண்ணம் போலிருந்த மிஷினுக்குள் முகத்தை வைத்திருந்தேன். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரமாக மிஷின் சத்தம் மட்டும் கேட்டது, புள்ளி வரவில்லை. அப்பா ஞாபகம் வந்தது; எங்கள் பக்கம் அப்பச்சி என்போம்.

கண்டனூர் வீட்டில் அக்கா கல்யாணம். வருகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். சந்தனம் மணந்த வாசலில் அப்பச்சி நின்றார்கள். அம்மாவுடன் பிறந்த அம்மான் இடப்பக்கமாக வந்து கும்பிட்டிருக்கிறார். அப்பச்சி திரும்பவில்லை.

"நான் என்ன தூணா? அத்தான் கண்ணுக்குத் தெரியலையாக்கும்!" அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டு, அம்மான் சாப்பிடாமலே போய்விட்டார்.

"வந்திருந்தா நான் பாத்திருப்பேனே" என்றார்கள் அப்பச்சி. யாரும் நம்பவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அப்பச்சிக்குத் தலைக்கனம் என்று பேராகிவிட்டது.

சோதனை முடிந்து, மிஷினில் வந்த தாளை டாக்டர் காட்டினார். இடப்பக்கம் கறுத்திருந்தது. "கண்ணுக்குள்ள பிரஷர். பரம்பரையா வரும். சொட்டு மருந்து விட்டா இதோட நிறுத்தலாம். போன பார்வை திரும்பாது."

கண்ணைக் காக்கும் நாட்டரசன்கோட்டை அம்மனை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

வெளியே மனைவி, "என்ன சொன்னாக?" என்றாள்.

"தை மாசம் மக கல்யாணத்துல எனக்கு இடப்பக்கமா நில்லு. அங்குட்டு வாரவுகள நீ வாங்கன்னு சொல்லிரு" என்றேன்.