சீதனம் கொடுக்காத பிரபு

பிரான்சில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரபுவை எனக்கு மிகவும் பிடிக்கும். அவன் நல்லவன் என்பதால் அல்ல. அவனுடைய குடும்பம் கடைசியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது என்பதால்.

மகள் பல்கலைக்கழகக் கட்டுரைக்காகக் கொண்டுவந்த தடித்த புத்தகத்தில்தான் அவனைக் கண்டேன். சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். "அம்மா, இட்ஸ் ஃபார் மை எஸ்ஸே, பக்கத்தை மடிக்காதேங்கோ" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். மடித்தேன்.

தம்பி இறந்ததும், தம்பியின் மகளுக்கு நானே காவல் என்று சொல்லி அவளுடைய நிலத்தையும் கோட்டையையும் வளைத்துக்கொண்டவன் அவன். அந்த ஊர் வழக்கமும் எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் மாதிரித்தான். சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண் பிறகு முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், பங்கு கேட்க முடியாது. ஒரு சின்னக் காட்டுத் துண்டைக் கொடுத்திருந்தால் மிச்சமெல்லாம் முறைப்படி அவனுக்கே சேர்ந்திருக்கும். கஞ்சப்பயல், அதையும் கொடுக்காமல் வெறுங்கையோடு கட்டிக்கொடுத்தான். அவன் செத்தபிறகு அவள் வந்து, எனக்குத் தந்த சீதனத்தைக் காட்டுங்கள் என்று அவனுடைய மகன்களிடம் கேட்டாள். காட்ட ஒன்றுமில்லை. கோட்டை அவளுக்குப் போயிற்று.

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவான முதுச வீட்டைப் பெரியப்பாவே வைத்துக்கொண்டார். எல்லோரும் ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் சாவி அவரிடம்தான். என் கல்யாணம் நிச்சயமானபோது, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அஜின்கோர்ட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். கிணற்றடிப் பக்கத்து வெறுங்காணியையாவது என் பெயருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார். பெரியப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கனடாவில இருக்கிற பெட்டைக்குக் காணி என்னத்துக்கு?" என்றார். திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த ஒரு பஸ் பயணத்துக்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

அம்மா இப்போது இல்லை. புத்தகம் வாசித்து இரண்டு கிழமை இருக்கும், பெரியப்பா டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். யாழ்ப்பாணத்து வீடு முழுவதையும் விற்கப்போகிறாராம். அங்கே காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு என் சீதன உறுதிப் பத்திரத்தைக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறாராம். கடிதத்தை மேசையில் வைத்தார்.

"நீ சீதனம் வாங்கிட்டாய், இனிப் பங்கில்லை எண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் காணும், பிள்ளை."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பிரபுவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"அதுக்கு முதல் நீங்களும் ஒண்டு எழுதித் தாங்கோ பெரியப்பா. எனக்குச் சீதனம் ஒண்டும் தரேல்லை, அது பிழைதான் எண்டு. அம்மா சாகேக்க இதைத்தான் கேட்டவ. அவவின்ர படத்துக்கு முன்னால வைக்கவேணும்."

அம்மா அப்படி எதுவும் கேட்கவில்லை. செத்துப்போனவரின் பெயரில் பொய் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

"உனக்கு விசர்" என்று முணுமுணுத்தாலும் எழுதினார். இல்லாமல் போன ஒருத்தியிடம் பிழையை ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்திருப்பார். மூன்று வரி, அச்சடித்தது போன்ற எழுத்து, கீழே திகதியும் கையெழுத்தும்.

"இனி நீ போடு" என்று பேனையை நீட்டினார்.

நான் பேனையை வாங்கவில்லை. அவர் எழுதியதைப் போனில் படம் எடுத்து, கடிதத்தில் இருந்த நொத்தாரிசின் இலக்கத்துக்கு அனுப்பினேன்.

"என்ன செய்யிறாய்?"

"அவர் சீதனத்தைப் பற்றித்தானே கேட்டவர். நீங்களே பதில் எழுதிட்டியள்."

சீதனம் வாங்காதவளுக்கு அப்பாவின் பங்கு அப்படியே இருக்கிறது என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் கதிரையிலிருந்து எழும்ப இரண்டு தரம் முயன்றார். நான் கை கொடுக்கவில்லை. சந்தோசமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அம்மா இருந்திருந்தால், பாவம், வயது போன மனிதர் என்று லிஃப்ட் வரை பிடித்துக்கொண்டு போய் விட்டிருப்பார். அந்த இளகிய மனம் தெரிந்துதான் பெரியப்பா, அம்மா காணி கேட்ட அன்றைக்கு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.