மாடி வெயில் யாருக்கு?

அதான் மே, நானும் மருமவளும் மாடியில போட்ட சண்டைய நம்ம ஹவுசிங் போர்டு பிளாக்கே வேடிக்க பாத்துச்சு. நீ பொண்ணு பிரசவத்துக்கு வடபழனி போயிட்ட, உனுக்குத் தெரியாது. குந்து, சொல்றேன்.

எங்கயோ அரபு நாட்டாண்ட சண்டையாம். எனக்கு எழுத்து தெரியாது, டிவியில படத்தப் பாத்துத்தான் புரிஞ்சிக்கினேன். கப்பலு எரியுது, மத்த கப்பலெல்லாம் அப்படியே நிக்குது. நம்ம கேஸும் அந்த வழியாத்தான் கப்பல்ல வருதாம். அதுக்கப்புறம் பாத்தா நம்ம வூட்டு சிலிண்டர் வரல. டீசல் விலைய பாத்துட்டு என் புள்ளயோட மீன்புடி போட்டும் கரையிலயே கெடந்துச்சு. சின்ன வலைக்காரன் கொண்டாந்த நெத்திலிய வாங்கி, மாடியில காய வெச்சி, கருவாடு வித்துத்தான் வூட்டுல சோறு.

அந்த நேரம் பாத்து பிளாக்குல எல்லாம் கூடி, மாடியில சோலார் போட்டு கரண்ட் அடுப்புல சமைக்கலாம்னாங்க. மொதல்ல கையத் தூக்குனது யாரு? என் மருமவ.

"அடிப்பாவி, கருவாட்ட உன் தலை மேலயா காய வெக்கிறது?"ன்னேன்.

"கேஸே இல்லாம அத பச்சையாவா துன்னுவ அத்த?"ன்றா.

போட்டுட்டாங்க. மாடி பூரா சோலார் கண்ணாடி. சாய்வா, பளபளன்னு, தொட்டா சுடுது. இத வுட நல்ல எடம் ஏது? நெத்திலிய அது மேலயே பரப்பிட்டேன்! மதியானம், கரண்ட் கொறையுதுன்னு சோலார் மாட்டுனவன் ஓடியாந்தான்.

"ஆயா, இன்னா பண்ணி வெச்சிக்கீற?"

"கருவாடு நைனா. உனுக்கு கொஞ்சம் தரவா?"

"வெயில நீயே முழுங்கிட்டா அவுங்க அடுப்பு எப்டி எரியும்?"

"வெயிலு இன்னா உன் அப்பன் வூட்டு சொத்தா?"

அவன் சிரிச்சிட்டான். நானு நெத்திலிய வாரி எடுத்தேன், கருவாடு போச்சுன்னா சோறு போச்சே. மருமவ கீழ எறங்கிப் போயி, பழைய வலைய தூக்கிக்கினு வந்தா. கண்ணாடி நிக்குது பாரு இரும்புக் காலு, அதுல, கண்ணாடிக்கு அடியில, ஒயரு படாம தொட்டிலு மாதிரி கட்டிட்டா. "இங்க காத்து பிச்சிக்கினு போவுது அத்த, போடு"ன்னா.

காய ஒரு நாளு கூடுதலா ஆவுதுதான். ஆனா கருகல மே, வெள்ளையா கீது! தி.நகர்லேர்ந்து வந்து வாங்குற டீச்சரம்மா, "என்ன ஆயா, கருவாடு புது மாதிரி இருக்கு?"ன்னுச்சு.

மருமவ அந்த கரண்ட் அடுப்புல கொழம்பு வெக்கிறா, தீயே தெரியல. பாத்துக்கினே இருந்தேன். அந்த எரிஞ்ச கப்பல்ல இருந்தவனுக்கும் வூட்டுல ஒரு ஆத்தா இருப்பா இல்ல? அவ அடுப்பு எரிஞ்சிதோ இன்னாவோ. வெயில மட்டும் எவனும் நடுவுல நிறுத்த முடியாது, இன்னா சொல்ற?

இரு, இரு. அடி வலையில போட்டத இன்னும் பொரட்டிப் போடல. பூனை வேற மாடியேறுது. நீ டீயக் குடி, தோ வந்துட்டேன்.